இரசிப்பின் கடன்

பாட்டும் கூத்தும் திரைப்படமும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்களில் நெடுங்காலமாக ஒரே கேள்விதான் முன்வந்து நிற்கிறது: ‘இது பாவமா, இல்லையா?’ இந்தப் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா, தவக்காலத்தில் திரைப்பாடல் கேட்கலாமா, நம் வீட்டுப் பெண் மேடையேறி ஆடலாமா என்றெல்லாம் நாம் கேட்டிருக்கிறோம். பங்குத்தந்தையரும் பொறுமையோடு பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். கேள்வி தவறானதன்று. ஆனால் அது பாதிக் கேள்விதான். ஒரு கலையில் தீயது ஏதும் இல்லை எனத் தெளிந்த பின்னரும், அதை நாம் எவ்வாறு இரசித்தோம், இரசித்தபின் யாருக்கு என்ன கடன்பட்டோம் என்னும் மறுபாதி கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

அந்த மறுபாதியைக் கேட்டுப் பார்க்க நம் நீலகிரி ஏற்ற இடம். தமிழகம் தன் கண்ணுக்கு விருந்தாக ஏற்றுக்கொண்ட மலை இது. ஆனால் இம்மலை தானே பாடுகிறது, தானே ஆடுகிறது என்பதைச் சமவெளியார் பலர் கேட்டதில்லை. மலையில் வாழும் நாமும் எவ்வளவு கேட்டிருக்கிறோம்?

மகிழ்ச்சிக்குத் திருச்சபை பகையன்று

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். இன்புறுவதே ஐயத்துக்குரியது, சிரிப்பும் பாட்டும் ஞானவாழ்வுக்கு இடையூறு என்ற எண்ணம் நம்மில் சிலரிடம் இன்றும் உண்டு. புனித தோமா அக்குவினார் அப்படிக் கருதவில்லை. உடல் உழைத்துக் களைத்தால் ஓய்வு தேடுவதுபோல, ஆன்மாவும் களைக்கும். அதற்கு ஓய்வு தருவது இன்பமே என்று அவர் தம் இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும் எனப் புனித யோவான் சொன்னதாக வழங்கும் பழங்கதையையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார். தாமும் விளையாடாமல், பிறர் மகிழ்வதையும் பொறுக்காமல் இருப்பது ஒரு குறை என்றே அவர் கணிக்கிறார். நடிகரின் தொழில் இழிவாக எண்ணப்பட்ட காலத்தில், அத்தொழில் தன்னளவில் தவறானதன்று என எழுதியவரும் அவரே.

திரைப்படம் வந்தபோது திருச்சபை முதலில் அஞ்சியது உண்மை. 1936-இல் பதினொன்றாம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடலில் எச்சரிக்கையின் குரலே ஓங்கி ஒலித்தது. 1957-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் இறைவன் தந்த கொடைகளாகக் கண்டு எழுதினார். 1995-இல் திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் 45 படங்களைத் தேர்ந்து பட்டியலிட்டது. நம் நாட்டு வரலாற்றைச் சொல்லும் ‘காந்தி’யும், வேலைக்குத் தேவையான சைக்கிளைப் பறிகொடுத்த ஏழைத் தந்தையைப் பற்றிய இத்தாலியப் படமும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அறுபது ஆண்டுகளில் திருச்சபை நடந்து வந்த தொலைவு சிறிதன்று.

எனவே தேநீர்க் கடை வானொலியில் இளையராசாவின் பாட்டு ஒலிக்க, கை உறையும் குளிரில் கண்ணாடித் தம்ளரைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது நம் உள்ளம் இளகுவதற்காக நாம் வெட்க வேண்டியதில்லை. அந்த இளக்கம் நல்லதே. அது நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே அடுத்த கேள்வி.

அகுஸ்தினாரின் குறை

புனித அகுஸ்தினார் இளமையில் கார்த்தேசு நகர நாடக அரங்குகளில் தோய்ந்து கிடந்தவர். தம் ஒப்புரவு நூலில் அக்காலத்தை நினைவுகூரும்போது அவர் கூறும் குறை நாம் எதிர்பார்ப்பதன்று. மேடையில் காட்டப்பட்ட துயரத்தைக் கண்டு அழுதேன். ஆனால் அந்தத் துயரத்துக்கு உதவும்படி யாரும் என்னை அழைக்கவில்லை, வருந்தும்படி மட்டுமே அழைத்தார்கள் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். அழுவதே சுகமாகிவிட்டது, அழுகைக்குக் காரணமானவரிடம் செல்ல வேண்டிய கால்கள் இருக்கையிலேயே இருந்துவிட்டன.

அதே அகுஸ்தினார் மிலான் ஆலயத்தில் மக்கள் பாடக் கேட்டும் கண்ணீர் விட்டார். பிற்காலத்தில், பாட்டின் இனிமை பாட்டின் பொருளைவிடத் தம்மை அதிகம் ஈர்க்கிறதோ எனத் தம்மையே கடிந்துகொண்டார். ஆயினும் ஆலயத்தில் பாடும் வழக்கம் நல்லது என்றே முடிவு செய்தார். கார்த்தேசில் சிந்திய கண்ணீரும் கண்ணீர்தான், மிலானில் சிந்திய கண்ணீரும் கண்ணீர்தான். முன்னது அவரை இருந்த இடத்திலேயே விட்டது. பின்னது ஒரு மக்கள் கூட்டத்துக்குள் அழைத்துச் சென்றது.

இந்த வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு நம் மலையைப் பார்ப்போம்.

கேத்தி நிலையத்தில் நின்றவன்

உதகையும் குன்னூரும் திரையில் வந்த கணக்கை எடுத்து முடியாது. தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் எத்தனையோ காதலர்கள் ஆடியிருக்கிறார்கள். 1998-இல் வெளிவந்த ‘உயிரே’ படத்தில் மலை இரயிலின் கூரைமேல் ஆடிய ஆட்டத்தை நாடே கண்டு வியந்தது. படத்தின் கதைக்கும் நீலகிரிக்கும் தொடர்பில்லை. படம் பிடிக்கும் சுருளையும் இம்மலையே செய்து தந்தது. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இந்து நகரில் பல்லாண்டு இயங்கி, நம் பங்குகளைச் சேர்ந்த குடும்பங்கள் உட்படப் பலருக்கு வாழ்வளித்து, இன்று மூடிக் கிடக்கிறது. மலை தன் காட்சியைத் தந்தது, சுருளைத் தந்தது. அதன் பாட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை.

இந்தப் படங்களுள் தனித்து நிற்பது பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’. 1982-இல் வெளிவந்த இப்படம் நடிப்புக்காகக் கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது. கண்ணதாசன் திரைக்கென எழுதிய கடைசிப் பாடலும் இதில்தான் உள்ளது. நினைவிழந்து குழந்தையாகிவிட்ட ஓர் இளம்பெண்ணை இழிவான இடமொன்றிலிருந்து மீட்டுக் கேத்திக்கு அழைத்து வருகிறான் ஒரு பள்ளி ஆசிரியன். அவளுக்குக் கதை சொல்கிறான். குரங்குபோல் ஆடிக் காட்டிச் சிரிக்க வைக்கிறான். மருத்துவத்தால் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. இடைக்கால நினைவு அழிந்துபோகிறது. கேத்தி இரயில் நிலையத்தில், கொட்டும் மழையில், புறப்படும் வண்டியின் ஓரமாக ஓடி, அந்தப் பழைய ஆட்டத்தையே அவன் ஆடிக் காட்டுகிறான். யாரோ பித்துப் பிடித்தவன் என்று அவள் எண்ணுகிறாள். வண்டி போய்விடுகிறது.

இக்காட்சியைக் காதல் தோல்வியின் உச்சம் என்றே பலரும் பேசி வந்தனர். நமக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. ஒரு மனிதன் தன்னிடமுள்ள ஒரே கலையை, தனக்குரிய ஒரே பார்வையாளர் முன் ஆடுகிறான். ஆட்டத்தில் குறையில்லை. பார்ப்பவருக்கு நினைவில்லை, அவ்வளவே. அன்புக்கு அடையாளமாயிருந்த ஆட்டம், நினைவு அறுந்ததும் பித்தனின் சேட்டையாகிவிடுகிறது. கலைஞனுக்கும் காண்பவருக்கும் இடையே உள்ள உறவு எவ்வளவு மெல்லிய நூலால் ஆனது என்பதைத் தமிழ்த் திரையில் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சிகள் சிலவே. அகுஸ்தினாரின் குறைக்கு இப்படம் ஆளாவதில்லை. நினைவற்றவர்களையும் நிராதரவானவர்களையும் நாம் நடத்தும் முறையைப் பற்றி அது நம்மைக் கேட்டுவிட்டே வெளியே அனுப்புகிறது.

ஆனால் அதே படத்தில் மற்றொன்றும் உண்டு. முதிய தலைமை ஆசிரியரை மணந்த இளம் மனைவியின் தனிமை உண்மையான துயரம். படம் அத்துயரத்தைக் காது கொடுத்துக் கேட்காமல், கனவுப் பாட்டாக்கிக் கண்ணுக்கு வைக்கிறது. அப்பாட்டில் ஆடை குறைந்தது என்று நம்மவர் குறைபட்டனர். அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெண்ணின்மீது அங்கே இரக்கம் குறைந்தது என்பதே. ஒரே கலைஞரின் ஒரே படைப்பில் ஒரு பெண்ணின் துன்பம் நம்மைக் கடனாளியாக்குகிறது. இன்னொரு பெண்ணின் துன்பம் வெறும் காட்சியாகிறது. பாவமா இல்லையா என்ற கேள்வி இந்த வேறுபாட்டைப் பிடிப்பதில்லை.

மலையின் சொந்தப் பாட்டு

கேத்திப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து வாழ்பவர்கள் படகர்கள். அப்படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. அது தனியொரு இயக்குநரின் குற்றமன்று. நம் பொதுவான செவிட்டுத்தன்மை. சனவரி மாதக் குளிரில் கோத்தகிரிக்கு அருகே பேரகணியில் நடக்கும் எத்தையம்மன் திருவிழாவுக்கு வெண்ணுடை அணிந்து ஊர் ஊராக நடந்து வருவோரைச் சாலையில் கண்டிருப்போம். அவர்களின் வட்ட ஆட்டத்தில் மேடை இல்லை. சிறுவனும் முதியவரும், தோட்டத்தில் உழைப்பவரும் அலுவலகத்தில் பணி செய்பவரும் ஒரே அடவில் சுற்றி வருகின்றனர். ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவு அங்கே பெரிதாக எழுவதில்லை. ஊரைச் சேர்ந்தவர் ஆடுகிறார்.

தோடர்களிடம் இது இன்னும் வியப்பானது. 1930-களில் இம்மலைக்கு வந்து தோட மொழியைக் கற்ற மொழியியல் அறிஞர் எமனோ, பிற்பாடு 1971-இல் தோடர் பாடல்களைப் பெருநூலாக வெளியிட்டார். இரட்டை இரட்டையாக அமைந்த மரபுத் தொடர்களைக் கொண்டு பாட்டுக் கட்டும் முறை ஒன்று அவர்களிடம் உண்டு என்பதையும், அம்முறையில் பாடல் புனையும் திறம் சிலருக்கு மட்டும் உரியதாக இல்லாமல் அச்சமூகத்தில் பரவிக் கிடந்ததையும் அவர் பதிவு செய்தார். எருமையைப் பற்றியும், இறந்தவரைப் பற்றியும், வந்த விருந்தினரைப் பற்றியும் அவர்கள் பாட்டுக் கட்டினர். கவிஞர் என்றொரு தனிச் சாதி தேவைப்படாத சமூகம் அது.

கோத்தர்கள் மலையின் இசைவாணர்கள். கொள் என்னும் குழலும் தப்பட்டையும் கொம்பும் அவர்கள் கருவிகள். ஏழு ஊர்களில் வாழும் இச்சிறு சமூகம் ஒரு காலத்தில் படகரின் சாவு வீட்டிலும் தோடரின் சாவு வீட்டிலும் வாசித்தது. ஈடாகத் தானியமும் பிறவும் பெற்றது. தெய்வத்துக்குரிய இசை வேறு, சாவுக்குரிய இசை வேறு என அவர்கள் பிரித்து வைத்திருக்கின்றனர். சாவிசையை விளையாட்டுக்காக வாசிக்கத் தயங்குகின்றனர். ஓர் இசைக்கு உரிய நேரமும் உரிய மனிதரும் உண்டு, அதைக் கேட்பவர் அந்தத் துக்கத்துக்கு உறவினர் ஆகிறார் என்ற நுண்ணிய அறிவு இதில் அடங்கியுள்ளது. 1930-களில் படகரிடையே எழுந்த சீர்திருத்த எண்ணம் கோத்தர் இசையை விலக்க முற்பட்டது. பழைய கொடுக்கல் வாங்கல் மெல்ல அறுந்தது. அவ்வுறவில் மேல் கீழ் என்ற கசப்பும் இருந்தது. அதை மறந்துவிட்டுப் பழமையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் மேல் கீழ் போகும்போது இசையும் கூடவே போக வேண்டியிருந்தது பேரிழப்பு.

கடல் கடந்து வந்த கலையையும் இங்கே நினைக்க வேண்டும். 1964-இல் சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கை இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனக் கணக்கிட்டது. அவ்வாறு வந்தவர்களுக்கென 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே இன்றைய டேன்டீ. அம்மக்கள் இலங்கைத் தோட்டங்களில் மூன்று பெருங்கூத்துகளை வளர்த்திருந்தனர்: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மாசி வளர்பிறையில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்துக்கு இலயத்தின் முன்வாசலே அரங்கு. தப்பு முழங்க, பகலெல்லாம் கொழுந்து பறித்தவர்களே இரவில் இரதியும் மன்மதனும் ஆவார்கள். எரிக்கப்பட்ட கணவனுக்காக இரதி புலம்பும்போது, குடும்பத்தைப் பிரிந்தவர்களும் பிள்ளையைப் புதைத்தவர்களும் தம் துயரத்தையும் சேர்த்தே அழுதார்கள். அக்கண்ணீர் கார்த்தேசுக் கண்ணீரன்று. அழுதவர் அருகே உடன் அழுபவர் இருந்தார், மறுநாள் காலை அதே நிரையில் கூடை சுமந்தார்.

உடன்படிக்கை மக்களை எண்ணியது. கூத்துக் குழுக்களை எண்ணவில்லை. மன்மதன் ஒரு கப்பலிலும் இரதி அடுத்த ஆண்டுக் கப்பலிலும் வந்தால் கூத்து எங்ஙனம் நடக்கும்? 2022-இல் டேன்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, வீடு என்னாகும் என்ற அச்சம் அக்குடும்பங்களை மீண்டும் பற்றிக்கொண்டது. மீண்டும் கலைந்தால் வீட்டோடு கூடப் போவது எது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஆலயத்தில்

பிறர் வீட்டைப் பார்த்துவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருப்பது முறையன்று. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டு ஏடுகளை ஒரே நாளில் வெளியிட்டது. ஒன்று சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றியது. மற்றது திருவழிபாட்டைப் பற்றியது. முதலாவது, நல்லதைத் தேர்ந்து துய்க்கும் பொறுப்பைக் காண்போர்மீதும் கேட்போர்மீதும் வைத்தது. இரண்டாவது, இறைமக்கள் வழிபாட்டில் ஊமைப் பார்வையாளராய் அமர்ந்திராமல் உணர்ந்து பங்கேற்க வேண்டும் என்றது. அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபை மதித்து இடமளிக்கவும் கூறியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சங்கத்தின் விருப்பம் தெளிவாகிறது: கலையின் முன்னும் பலிபீடத்தின் முன்னும் கிறித்தவர் வெறும் பார்வையாளராக இருத்தலாகாது.

நடைமுறை என்ன? நாம் அறிந்த ஒரு மலைப் பங்கில், முன்பெல்லாம் தோட்டத்துப் பெண்கள் ஆர்மோனியத்தோடு சேர்ந்து உரத்த குரலில் பாடுவார்கள். சுருதி சில நேரம் விலகும். ஆனால் கூரை அதிரும். இப்போது நால்வர் ஒலிவாங்கி பிடித்துப் பாடுகிறார்கள். பதிவு செய்த தாளம் பெட்டியிலிருந்து வருகிறது. இசை முன்னிலும் திருத்தமாகவே இருக்கிறது. மக்கள் வாய் மூடிக் கேட்கிறார்கள். திருவிழாவிலும் அப்படியே. நம் முன்னோர் மூவிராசாக்கள் நாடகத்தையும் திருப்பாடுகளின் காட்சியையும் தாமே நடித்தவர்கள். நாமோ கோயம்புத்தூரிலிருந்து மெல்லிசைக் குழுவை வரவழைத்து, நாற்காலி போட்டு அமர்ந்து கைதட்டுகிறோம்.

கேட்பதும் ஒரு பங்கேற்புத்தானே என்று சிலர் வினவலாம். உண்மையே. நன்றாகக் கேட்பது எளிதன்று. ‘மூன்றாம் பிறை’யை உள்ளம் கொடுத்துப் பார்த்தவர் வட்டத்தில் கால்மாற்றி ஆடியவருக்குக் குறைந்தவர் அல்லர். எல்லாரும் மேடையேற வேண்டும் என்பது நம் வாதமன்று. பாடும் நால்வரின் குரல் மற்றவர்களின் வாயைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்பதே நாம் கேட்பது.

உடன்படிக்கைப் பேழையின் முன் தாவீது தன்னை மறந்து ஆடியதை நாம் அறிவோம். அரசன் ஆடுவதைச் சன்னல் வழியே பார்த்த மீக்கால் அவனை உள்ளத்தில் இகழ்ந்தாள் என்கிறது சாமுவேலின் நூல். அவள் கண்டது பிழையான காட்சியன்று. அவன் ஆடியது உண்மையே. அவள் நின்ற இடம்தான் பிழை. வீதியில் மக்களோடு இருந்திருந்தால் அதே ஆட்டம் அவளுக்கு மகிழ்ச்சியாகியிருக்கும். உயரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பிறர் பக்தி பைத்தியமாகத் தோன்றுவது இயல்பு. பழங்குடியினரின் ஆட்டத்தைச் சுற்றுலாக் காட்சியாகவும், தோட்டத்து மக்களின் கூத்தைப் படிப்பறியாதோர் சந்தடியாகவும் எண்ணும்போது நாம் நிற்பது அந்தச் சன்னலில்தான்.

கடனைத் தீர்க்கப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த பங்குத் திருவிழாவுக்கு நிதி ஒதுக்கும்போது, வெளியூர்க் குழுவுக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை நம் இளைஞர் தாமே எழுதி நடிக்கும் நாடகத்துக்கு ஒதுக்கலாம். வாரம் ஒரு பாடலையாவது பாடகர் குழு ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டு மக்களிடம் விடலாம். இலங்கையிலிருந்து வந்த முதியவர்கள் நம் பங்குகளிலும் அண்டை வீடுகளிலும் இன்னும் இருக்கிறார்கள். இரதியின் புலம்பலை முழுதாகப் பாட வல்லவர் அவர்களுள் ஒருவர் இருந்தால், இந்த மாசி மாதத்திலேயே பேரப்பிள்ளைகளோடு சென்று அமர்ந்து கேட்டு எழுதி வைக்கலாம். அடுத்த மாசிவரை அவர் நமக்காகக் காத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.